தெளிந்த நீரும் தூய நீரும்

சில ஆண்டுகளுக்கு முன் மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் ஒரு கிராமத்திற்குச் செல்லும் வாய்ப்பு கிடைத்தது. கடுங்கோடை. நெடுந்தூரம் நடந்த களைப்பில் சாலையோரம் இருந்த அடிகுழாயை நோக்கிச் சென்றேன். அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் விரைந்து எழுந்து வந்து, ‘மகராஜ், அந்த நீரைப் பருக வேண்டாம், கைகால் கழுவ மட்டுந்தான் அது’ என்று தடுத்தார். குழாயிலிருந்து கொட்டிய நீரோ பளிங்கு போல் இருந்தது, குளிர்ந்திருந்தது, நாற்றம் எதுவும் இல்லை. ‘இதில் என்ன குறை?’ என்று கேட்டேன். அவர் உடனே மறுமொழி கூறவில்லை. தமது இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். தோல் தடித்து, அரிசி மணிகளைப் பதித்து வைத்தாற்போல் முடிச்சு முடிச்சாக இருந்தது. ‘இருபது ஆண்டுகள் இதைத்தான் குடித்தோம். நல்ல தண்ணீர் என்றே நினைத்தோம்’ என்றார்.

நல்ல தண்ணீர் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. நீரின் நன்மை தீமையைக் கண்ணாலும் மூக்காலும் நாவாலும்தானே நாம் முடிவு செய்கிறோம்? அந்த மூன்றும் இங்கே தோற்றுவிட்டன. ஏன் தோற்றன? இதற்கு விடை காண வேண்டுமானால், நீர் என்பது என்ன, அதன் இயல்பு யாது என்பதைச் சற்று ஆழ்ந்து ஆராய வேண்டும்.

நீரின் அமைப்பு

நமது தர்க்க நூல்கள், குளிர்ந்த தொடுகையை உடையது நீர் என்று அதற்கு இலக்கணம் கூறின. புலன்களால் அறியத்தக்க இலக்கணம் அது. ஐரோப்பாவிலும் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீரைப் பகுக்க இயலாத மூலப்பொருள் என்றே கருதி வந்தனர். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி கேவண்டிஷ், எளிதில் தீப்பற்றும் வாயு ஒன்றை எரித்தபோது கலத்தின் உட்புறத்தில் நீர்த்துளிகள் படிவதைக் கண்டார். பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் 1783-இல் இதன் உட்பொருளை விளக்கி, நீர் ஒரு கூட்டுப்பொருள் என்று அறிவித்தார். ‘நீரை உண்டாக்குவது’ என்னும் பொருளில் அந்த வாயுவுக்கு ஹைட்ரஜன் என்ற பெயர் அமைந்தது. 1800-இல் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் நீரினுள் மின்சாரத்தைச் செலுத்தி அதை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துக் காட்டினர். ஒன்று எரியும் வாயு. மற்றொன்று எரிவதற்குத் துணை நிற்கும் வாயு. இரண்டும் கூடினால் பிறப்பதோ நெருப்பை அணைக்கும் நீர்!

இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் சேர்ந்தது ஒரு நீர் மூலக்கூறு. இவை மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமைவதில்லை. ஆக்ஸிஜனை நடுவில் கொண்டு ஏறத்தாழ 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. மேலும், ஆக்ஸிஜன் அணு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் சற்று மிகுதியாக ஈர்த்துக்கொள்கிறது. இதனால் ஆக்ஸிஜன் உள்ள பக்கம் சிறிது எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் உள்ள பக்கம் சிறிது நேர்மின் தன்மையும் பெறுகின்றன. காந்தத்திற்கு இரு முனைகள் இருப்பது போல நீர் மூலக்கூறுக்கும் இரு முனைகள் அமைந்துவிடுகின்றன.

ஒரு மூலக்கூறின் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையைப் பற்றிக்கொள்கிறது. இதை ஹைட்ரஜன் பிணைப்பு என்பர். இந்தப் பிணைப்பு மிக மெல்லியது. நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவேயான நேரத்தில் அறுந்து, மீண்டும் வேறொன்றுடன் இணைகிறது. ஆயினும் கோடானுகோடி பிணைப்புகள் ஒருசேர நிகழ்வதால் அவற்றின் கூட்டு வலிமை பெரிது. ஹைட்ரஜன் சல்பைடு நீரைவிட எடை மிகுந்த மூலக்கூறு. எனினும் அது பூஜ்யத்திற்குக் கீழே 60 பாகை செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகி விடுகிறது. நீரோ 100 பாகை வரை திரவமாகவே நிற்கிறது. இந்த மெல்லிய கைகோத்தல் இல்லையேல் பூமியில் ஆறும் இல்லை, கடலும் இல்லை, நாமும் இல்லை.

இயற்கையில் நீரின் பணி

இந்த ஓர் அமைப்பிலிருந்தே நீரின் பல பணிகள் விளைகின்றன. நீரைச் சூடேற்ற மிகுந்த வெப்பம் தேவை. வெப்பத்தின் ஒரு பகுதி மூலக்கூறுகளின் பிணைப்பைத் தளர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது. ஆகவே கோடையில் நிலம் விரைந்து காய்கிறது. கடல் மெல்லவே வெம்மை அடைகிறது. நிலத்தின் மேல் சூடான காற்று எழ, கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வீசுகிறது. நமது நாட்டின் உழவுக்கும் உணவுக்கும் உயிர்நாடியான தென்மேற்குப் பருவமழைக்கு இது ஓர் அடிப்படைக் காரணம்.

கொதிநிலையில் ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் வேண்டும். வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்வதும், மண்பானையில் கசியும் நீர் உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பதும் இதனால்தான்.

பெரும்பாலான திரவங்கள் உறையும்போது அடர்த்தி மிகுந்து அடியில் அமிழ்கின்றன. நீர் மட்டும் 4 பாகை செல்சியஸில் மிக அடர்த்தியாகி, அதற்கும் கீழே குளிர்ந்தால் மீண்டும் விரிவடைகிறது. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் இடைவெளி விட்டு ஒழுங்காக அடுக்கப்படுவதால், அது நீரைவிட இலேசாகி மிதக்கிறது. கடுங்குளிரில் காஷ்மீரத்தின் தால் ஏரி மேற்பரப்பில் உறையும் காலத்தும் அடியில் மீன்கள் உயிர் வாழ்கின்றன; மேலே உள்ள பனிக்கட்டியே போர்வையாகி அவற்றைக் காக்கிறது.

தன்னில் ஏற்கும் குணம்

இவை அனைத்தினும் நமது ஆராய்ச்சிக்கு முக்கியமானது நீரின் கரைக்கும் ஆற்றல். உப்பை நீரில் இட்டால் என்ன நிகழ்கிறது? உப்பிலுள்ள நேர்மின் அயனியை நீரின் எதிர்முனைகள் சூழ்கின்றன. எதிர்மின் அயனியை நேர்முனைகள் சூழ்கின்றன. இவ்வாறு ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்தெடுத்து நீர் தன்னுள் வைத்துக்கொள்கிறது. உப்பு அழிந்துவிடவில்லை, நமது பார்வையிலிருந்து மறைந்துவிட்டது, அவ்வளவே. எண்ணெய் போன்ற பொருள்களை நீர் ஏற்பதில்லை. ஆனால் தாதுக்கள், அமிலங்கள், வாயுக்கள், சர்க்கரை என எண்ணற்ற பொருள்களை வெவ்வேறு அளவில் ஏற்கிறது.

மழைத்துளியைப் பாருங்கள். மேகத்திலிருந்து இறங்கும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று அது சற்றே அமிலத்தன்மை அடைகிறது. பிறகு பாறைகளின் மீது விழுந்து, அவற்றின் தாதுக்களைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கை அடுத்த போரா குகைகளைச் சுண்ணாம்புப் பாறையில் குடைந்தது இந்த மெல்லிய அமில நீரே. ஆறுகள் சுமந்து வந்த உப்புகள் சேர்ந்து சேர்ந்தே, இன்று ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. செடியின் வேர் மண்ணைத் தின்பதில்லை. நீரில் கரைந்து வரும் சத்தையே உறிஞ்சுகிறது. நமது குருதியும் உணவின் சாரத்தை நீரில் கரைத்தே உடலெங்கும் கொண்டு செல்கிறது. நீரின் இந்த ஏற்கும் குணத்தால்தான் உயிர்கள் வாழ்கின்றன.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீருக்கு விருப்பு வெறுப்பு இல்லை. எலும்புக்கு உரமூட்டும் கால்சியத்தை எப்படி ஏற்கிறதோ, அப்படியே நஞ்சையும் ஏற்கிறது. அயனிகளாகக் கரைந்த பொருள் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே கலங்கிய நீர் தூயதன்று என்று சொல்லலாம். தெளிந்த நீரெல்லாம் தூயது என்று சொல்ல இயலாது. தெளிவு கண்ணுக்கு உரியது. தூய்மை நீரின் உள்ளமைப்புக்கு உரியது.

வங்க மண்ணில் நிகழ்ந்தது

இனி அந்த முதியவரின் கைகளுக்கு வருவோம். அவரை வாட்டிய நஞ்சு ஆர்சனிக். நமது சித்த மருத்துவ நூல்கள் கூறும் வெள்ளைப் பாஷாணம் இதன் ஆக்சைடே ஆகும்.

கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. வங்கத்தின் வளமான சமவெளி இவ்வாறு உருவானதே. அந்த வண்டலின் மணல் துகள்கள் மீது இரும்புத் துரு போன்ற ஒரு மெல்லிய பூச்சு உண்டு. இயற்கையாகப் பாறைகளிலிருந்து வந்த ஆர்சனிக், அந்த இரும்புப் பூச்சில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. ஒட்டிக் கிடந்தவரை அதனால் தீங்கு இல்லை.

வண்டலோடு இலை, தழை, சதுப்புநிலத்தின் மட்கு ஆகியவையும் புதைந்தன. மண்ணுக்கடியில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றை உண்ணும்போது முதலில் அங்குள்ள ஆக்ஸிஜனைச் செலவிடுகின்றன. அது தீர்ந்தபின், இரும்புத் துருவில் உள்ள இரும்பைச் சுவாசத்திற்குப் பயன்படுத்துகின்றன. அப்போது இரும்பு வேறு வடிவம் பெற்று நீரில் கரைகிறது. அதைப் பற்றியிருந்த ஆர்சனிக்கும் விடுபட்டு நீரில் கலக்கிறது. இது பெரும்பாலும் ஆழம் குறைந்த நிலத்தடி நீரில் நிகழ்கிறது. மிக ஆழத்தில் உள்ள பழைய மணற்படுகைகளின் நீரில் பொதுவாக ஆர்சனிக் குறைவு.

முற்காலத்தில் அங்குள்ள மக்கள் குளத்து நீரையும் திறந்த கிணற்று நீரையும் பருகினர். அந்த நீரில் நோய்க்கிருமிகள் மலிந்து, காலராவாலும் வயிற்றுப்போக்காலும் எண்ணற்ற குழந்தைகள் மாண்டனர். அவர்களைக் காக்கும் நல்லெண்ணத்தோடு 1970-களிலும் அதன் பின்னும் வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் குழாய்க் கிணறுகள் பெருமளவில் தோண்டப்பட்டன. மண்ணால் வடிகட்டப்பட்ட அந்த நீரில் கிருமிகள் குறைவு. எனவே மக்கள் அதை விரும்பி ஏற்றனர். அதில் ஆர்சனிக் உள்ளதா என்று அக்காலத்தில் எவரும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை.

1983-இல் கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவக் கல்விக்கூடத்தில் தோல் மருத்துவராக இருந்த டாக்டர் கே.சி. சாகா, கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் தோலில் இருந்த புள்ளிகளும் தடிப்புகளும் ஆர்சனிக்கால் விளைந்தவை என்று கண்டறிந்தார். பின்னர் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தியும் அவரது மாணவர்களும் பல்லாண்டுகள் கிராமம் கிராமமாகச் சென்று கிணற்று நீரைச் சோதித்து, கேட்டின் பரப்பை உலகிற்கு எடுத்துரைத்தனர். 1993-இல் வங்கதேசத்திலும், 2002-இல் பீகாரின் போஜ்பூர் மாவட்டத்திலும் இது உறுதியாயிற்று. வங்கதேசத்தில் மட்டும் 3.5 கோடி முதல் 7.7 கோடி மக்கள் வரை இந்த அபாயத்திற்கு உள்ளாகியிருக்கக்கூடும் என்று 2000-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை மதிப்பிட்டது.

நோய் உடனே தோன்றுவதில்லை. பல ஆண்டுகள் கழித்தே மார்பிலும் முதுகிலும் மழைத்துளி சிதறினாற்போல் புள்ளிகள் தோன்றுகின்றன. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிக்கின்றன. நாளடைவில் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயும் உண்டாகலாம். இது தொற்றுநோய் அன்று. ஆனால் தொழுநோய் என்று தவறாக எண்ணி உறவினரே ஒதுக்கியதும், பெண்களின் திருமணங்கள் தடைப்பட்டதும் உண்டு. நஞ்சு தந்த துன்பத்தோடு அறியாமை தந்த துன்பமும் சேர்ந்துகொண்டது.

கண் காணாததை அறிவது எப்படி?

ஒரு லிட்டர் குடிநீரில் ஆர்சனிக் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு; நமது இந்தியத் தர நிர்ணயமும் அதையே ஏற்கத்தக்க வரம்பாகக் கொள்கிறது. அதாவது பத்துக் கோடிப் பங்கில் ஒரு பங்கு! எந்தக் கண் இதைக் காணும்? எந்த நா இதைச் சுவைக்கும்?

இந்த நதியா மாவட்டத்தில்தான் நவத்வீபம் உள்ளது. ரகுநாத சிரோமணி போன்ற நவ்ய நியாய அறிஞர்கள், ஒரு பொருளை எப்படி ஐயமற அறிவது என்று நுணுகி நுணுகி ஆராய்ந்த இடம் அது. கண்ணால் காண்பது ஓர் அறிவு வழி. ஆனால் அதற்கு எல்லை உண்டு. சிப்பியைக் கண்டு வெள்ளி என மயங்குவதும் கண்தான். காண இயலாததை அதன் அடையாளத்தைக் கொண்டு அனுமானிக்க வேண்டும். மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டு என்று தெளிவது போல.

ஆர்சனிக்கைக் கண்டறியும் எளிய சோதனையும் இவ்வகையானதே. நீரில் சில வேதிப்பொருள்களைச் சேர்த்து, அதிலுள்ள ஆர்சனிக்கை வாயுவாக மாற்றுவர். பாதரச புரோமைடு பூசிய வெண்காகிதத்தில் அந்த வாயு பட்டால் காகிதம் மஞ்சளாகும். மிகுதியாக இருந்தால் பழுப்பாகும். அந்த மஞ்சள் கறையே இங்கே புகை. மறைந்திருக்கும் நஞ்சே நெருப்பு. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பை முன்பே அறிந்தவனுக்குத்தான் அனுமானம் கைகூடும். அதுபோல, கறைக்கும் நஞ்சுக்கும் உள்ள தொடர்பை வேதியியல் நமக்குக் கற்பிக்கிறது. இது தோராயமான சோதனையே ஆதலால், ஐயம் இருப்பின் ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வங்கதேசத்தில் 2000 முதல் 2003 வரை சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகள் இவ்வாறு சோதிக்கப்பட்டன. அந்நாட்டின் வரம்பைக் கடந்தவற்றுக்குச் சிவப்பும், மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினர். சிவப்பு பூசப்பட்டவை ஏறத்தாழ 14 லட்சம். வியப்பு என்னவெனில், சிவப்புக் குழாய்க்குச் சில அடி தூரத்திலேயே பச்சைக் குழாய் இருப்பதும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டுக் கிணற்றைக் கொண்டு நம் கிணற்றை முடிவு செய்ய இயலாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தே ஆக வேண்டும்.

இது வங்கத்திற்கு மட்டும் உரிய செய்தியன்று. கருங்கல் மிகுந்த தென்னாட்டில் பாறைகளிலிருந்து ஃப்ளோரைடு நீரில் கரைகிறது. இது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைக் கடந்து நெடுநாள் உடலில் சேர்ந்தால் பற்களில் கறை படிகிறது. மேலும் மிகுந்தால் எலும்புகள் இறுகி முதுகு வளைகிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் 1937-லேயே மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தனர். தெலங்கானாவின் நல்கொண்டாவும் தமிழகத்தின் தர்மபுரியும் இதனால் நெடுங்காலம் துன்புற்ற பகுதிகள். அங்கும் நீர் தெளிவாகவே இருந்தது.

நஞ்சைப் பிணைப்பதும் இரும்பே

நீரைக் காய்ச்சினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். காய்ச்சினால் கிருமிகள் மடியும். ஆர்சனிக்கும் ஃப்ளோரைடும் நீங்கா. நீர் ஆவியாகிக் குறைவதால் அவற்றின் செறிவு சிறிது கூடவே செய்யும். நோய்க்கு ஏற்ற மருந்து வேண்டும். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்கு இட்டால் பயன் இல்லை.

ஆர்சனிக்கைப் பற்றிக் கிடந்தது இரும்பின் ஆக்சைடு என்று கண்டோம். அது கரைந்தபோது நஞ்சு விடுபட்டது. எனவே நீரை மீண்டும் இரும்பின் ஆக்சைடோடு சேர்த்தால் நஞ்சு அதிலே ஒட்டிக்கொள்ளும் அல்லவா? இந்தத் தத்துவத்தில்தான் பல வடிகட்டிகள் அமைகின்றன. வங்கதேசத்தில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராகப் பணியாற்றிய அபுல் ஹுசாம், பதப்படுத்திய இரும்பு, மணல், கரி, செங்கல் துண்டு ஆகியவற்றைக் கொண்டு மின்சாரமின்றி இயங்கும் எளிய வடிகட்டியை உருவாக்கினார். அதற்காக 2007-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்தின் கிரெய்ஞ்சர் பரிசைப் பெற்றார். சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர், இரும்பின் ஆக்சைடு வகைப் பொருளின் மிக நுண்ணிய துகள்களைக் கொண்டு ‘அம்ருத்’ என்னும் முறையை உருவாக்கியுள்ளனர்.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. வடிகட்டியின் ஏற்கும் திறனும் ஒருநாள் தீர்ந்துவிடும். தீர்ந்த பின்னும் அதிலிருந்து வரும் நீர் முன்போலவே தெளிவாகத்தான் இருக்கும். கருவியை வாங்கி வைத்ததோடு கவலை தீர்ந்தது என்று இருப்பவர், முன்னைய மயக்கத்திற்கே திரும்புகிறார்.

நாம் செய்ய வேண்டியது

இந்தப் பாடத்திலிருந்து நாம் மேற்கொள்ளத்தக்கவை சில உண்டு. நமது வீட்டிலோ, பள்ளியிலோ, ஆலயத்திலோ உள்ள கிணற்று நீரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தல் வேண்டும். புதிய ஆழ்துளைக் கிணறு தோண்டி அன்னதானத்திற்கோ தண்ணீர்ப் பந்தலுக்கோ நீர் வழங்க முற்படும் அன்பர்கள், முதலில் நீரைச் சோதித்துப் பின்னரே வழங்க வேண்டும். நல்லெண்ணம் மட்டும் நன்மை பயக்காது என்பதற்கு வங்கத்துக் குழாய்க் கிணறுகளே சான்று. நல்லெண்ணத்தோடு அறிவும் சேர வேண்டும். நோயுற்றோரை ஒதுக்காமல், இது தொற்றாது என்பதை ஊராருக்கு எடுத்துக் கூறுவதும் தொண்டே.

நீரின்மீது குற்றம் சுமத்த இடமில்லை. தன்னிடம் வந்ததை ஏற்பது அதன் இயல்பு. அந்த இயல்பே மரத்தையும் மனிதனையும் வளர்க்கிறது. எதைப் பருகுவது, எதை விலக்குவது என்று பகுத்தறியும் பொறுப்பு நம்முடையது.

அன்று அந்த முதியவர் தம் வீட்டிலிருந்து, சோதித்த ஆழ்குழாய் நீரை ஒரு செம்பில் கொண்டுவந்து தந்தார். பார்வைக்கு இரண்டு நீருக்கும் வேறுபாடு இல்லை. பருகி முடித்து விடைபெற்றபோது, பள்ளிவிட்டு வந்த சிறுவன் ஒருவன் அடிகுழாயை நோக்கி ஓடினான். முதியவர் மீண்டும் எழுந்தார். அவனைத் தடுத்து, செம்பில் எஞ்சியிருந்த நீரை அவன் கைகளில் ஊற்றினார்.